மின்விசிறி நன்றாகச் சுற்றும்

எனக்குக் கண்ணீர் கேட்டவுடன் வரும். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு முன்பே நான் அழுதுவிடுவேன். "தண்ணி லாரிக்குப் பதிலா உங்களைக் கூப்பிடலாம்" என்பாள் என் மனைவி. அந்தக் கண்ணீரால் ஒரு குடும்பம் பிழைத்தது என்றால் நம்ப மறுக்கிறாள்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜில், முதல் மாடி வரவேற்பு மேஜையில் இருப்பவரை எல்லோரும் 'நாக்கார்' என்பார்கள். ஊருக்குள் எதைச் சாப்பிடலாம், எங்கே போகலாம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். தான் சாப்பிடாததைச் சொல்ல மாட்டார். பிடிக்காததைப் புகழ மாட்டார். முதல் முறை நான் போனபோது சொன்னார்:

"தபால் ஆபீஸ் பின்னாடி ஒரு அக்கா சூப் விக்கிறாங்க. இருட்டுறதுக்குள்ள போயிடுங்க, அப்புறம் அடிச்சட்டி உப்பு கரிக்கும். அப்படியே தண்ணித்தொட்டி மேட்டுல ஏறி சூரியன் இறங்குறதைப் பாருங்க. ஒரு நாய் வரும். பிஸ்கட் மட்டும் போட்டுறாதீங்க, ரூம் வரைக்கும் வந்துடும்."

போட்டேன். வந்தது.

லாட்ஜ் முதலாளி, நாக்கார் மனைவியின் அண்ணன். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் அவர்கள் குடியிருப்பதும் அவர் தயவில்தான். இந்த முறை நான் போனபோது முதலாளி தரைத்தளத்தில் ஹோட்டல் திறந்து, தானே சமைக்கவும் ஆரம்பித்திருந்தார். "இனிமே யார் கேட்டாலும் கீழதான் அனுப்பணும் மாப்ள. இல்லேன்னா வேற வேலையும் வேற வீடும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன். நாக்கார் கூரையைப் பார்த்தார்.

"கீழ ஒரு ஹோட்டல் இருக்கு சார். மின்விசிறி நல்லா சுத்தும். தட்டு பளபளன்னு இருக்கும்."

விவரமானவர்கள் அதைக் கேட்டதும் தெருவுக்குப் போய்விடுவார்களாம். நான் கீழே போய் உட்கார்ந்து ஒரு சூப் சொன்னேன். அதோடு விட்டேனா? நல்லது செய்வதாக நினைத்து, "உங்க மாப்பிள்ளை சொன்ன மாதிரியே மின்விசிறி பிரமாதம்!" என்று முதலாளியிடம் உளறியும் வைத்தேன்.

முதலாளியின் முகம் கறுத்தது. "மாப்ள, கீழ வாங்க!"

நாக்கார் வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, கையில் மேஜை துடைக்கும் துணியோடு.

"மின்விசிறியைத்தான் சொன்னீங்களா? என் சமையலைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"நான் சொன்னா சொந்தக்காரன் சொல்றான்னுவாங்க மச்சான். சாப்பிடுறவரையே கேளுங்க."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் தலைவிதி என் கரண்டி நுனியில் நடுங்கியது. சூப்பை ஒரு வாய் விழுங்கினேன். மிளகை டப்பாவோடு போட்டுவிட்டார் போலிருக்கிறது. வாயிலிருந்து பேச்சு வரவில்லை. கண்ணிலிருந்து கொட்டியது.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலும் உடைந்தது. "என் சமையலைச் சாப்பிட்டு ஒரு மனுஷன் அழுறாரு பாருங்க மாப்ள! இதைச் சொல்லுங்க. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுங்க!"

நாக்கார் மனைவி துணியால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பாவம், ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் பெட்டியோடு கிளம்பும்போது, நாக்கார் புதிதாக வந்த ஒரு தம்பதியிடம் பேசிக்கொண்டிருந்தார். "கீழ ஒரு ஹோட்டல் இருக்கு சார். மின்விசிறி நல்லா சுத்தும். நேத்து ஒருத்தர் சூப்பைக் குடிச்சுட்டு அழுதுட்டார். இதோ, இவர்தான்."

இருவரும் என் வீங்கிய உதட்டைப் பார்த்தார்கள். "வெளியில வேற ஏதாவது…" என்று கணவர் இழுத்தார்.

நாக்கார் கண்ணால் மட்டும் தபால் ஆபீஸ் பக்கம் காட்டினார்.