எங்கள் வீட்டுக் கறுப்பு வட்டங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தம்பி ரவி, சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. செருப்பைக்கூட விடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னான்.

"அக்கா, உனக்கு எது கெடச்சாலும் எழுதிடுவ. இத மட்டும் எழுதிடாத. உன் கால்ல வேணா வுழறேன்."

"எழுதலடா, போ" என்றேன்.

இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன்! சொன்ன சொல்லை ஏன் மீறினேன் என்று கடைசியில் சொல்கிறேன். அதுவரை என்னைத் திட்டாமல் படியுங்கள்.

எனக்குக் கேன்சர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. ஆபரேஷன், கீமோ, மொட்டைத் தலை — எல்லாவற்றையும் வாராவாரம் இதே பத்தியில் எழுதியாகிவிட்டது. மீன் வாங்கப் போன இடத்தில் "திருப்பதியாம்மா?" என்று ஒருத்தி கேட்க, "இல்ல, கேன்சரு" என்று நான் சொல்ல, அவள் கையிலிருந்த வஞ்சிரம் நழுவி விழுந்ததையும் எழுதினேன். படிக்கிறவர்களில் நாலு பேராவது சீக்கிரம் டாக்டரிடம் போகட்டுமே என்றுதான்.

ஆனால் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் எனக்கே தெரியாமல் இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் நஸ்ரின் என்ற பெண் போன் செய்தார். எனக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நன்றாக இருந்த ஒரு செல் எப்படித் தறிகெட்டுக் கேன்சர் ஆகிறது, அதை எவ்வளவு முன்னால் கண்டுபிடிக்கலாம் — இதுதான் அவருடைய ஆராய்ச்சி. நேரில் போனபோது என் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் உண்டாங்கற எடத்துல 'இல்லை'ன்னு எழுதியிருக்கு மேடம். நெஜமாவே யாருக்கும் இல்லியா?"

அந்த 'இல்லை'யை எழுதியவன் ரவி. நான் கட்டிலில் சுருண்டு கிடந்தபோது ஃபாரம் எல்லாம் அவன்தான் நிரப்பினான். பொய் சொல்லவில்லை, பாவம். அவனுக்கும் எனக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

நஸ்ரின் ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். பெண்ணுக்கு வட்டம். ஆணுக்குச் சதுரம். இறந்தவர் மேல் ஒரு கோடு. கேன்சர் வந்தவருக்குக் கறுப்பு. மொத்தப் படத்திலும் என் வட்டம் மட்டும் திருஷ்டிப் பொட்டு மாதிரி கறுப்பாக இருந்தது.

"உங்கப்பாவோட தங்கச்சிங்க ரெண்டு பேரும் நாப்பது சொச்சத்துலயே போயிட்டாங்களே... எதனால?"

"பெரியத்தைக்குக் காமாலை. சின்னத்தைக்கு வயிறு ஊதிப்போச்சு."

"ஊதிப்போச்சுன்னா?"

அவர் பேனா நின்றுவிட்டது. எனக்கும் ஏதோ உறைத்தது. பெரியத்தை கடைசி வருஷத்தில் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும், கொளுத்துகிற சித்திரை வெயிலிலும், முந்தானையை இழுத்து வலது தோளையும் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். என்ன அடக்கம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். ஆபரேஷன் முடிந்து நானும் அதே மாதிரி போர்த்திக்கொண்டு திரிந்தேனே!

நேராகத் தவளக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். அப்பா தலைமுறையில் இப்போது மிச்சம் இருப்பவர் சித்தப்பா ஒருவர்தான். முனிசிபாலிட்டியை இன்னும் பிரெஞ்சுக்காரன் மாதிரி 'மேரி' என்றே சொல்லிக்கொண்டிருப்பவர். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் காமாலை என்றார். நாலாவது தடவை கத்திவிட்டேன்.

"கட்டிதாம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "பெரியவளுக்கு மாருல. சின்னவளுக்கு சினைப்பையில. மேரில சாவ எழுதறப்பகூட காமாலன்னுதான் சொல்லிவச்சோம்."

"ஏன் சித்தப்பா?"

"வெளிய தெரிஞ்சா இந்த வூட்டுல எவன் பொண்ணெடுப்பான்? நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் ஆவ வேணாமா? உனக்காவத்தான் மறைச்சோம்."

எனக்காக! நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"கல்யாணம் ஆச்சு சித்தப்பா. கட்டியும் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் அழுதார். அங்கே எனக்கு அழுகை வரவில்லை, அவ்வளவு ஆத்திரம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

இரண்டு வட்டங்களும் கறுப்பானதும் நஸ்ரின் என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மார்பகக் கேன்சர் அம்மா வழியில்தான் வரும் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வழியிலும் ஜம்மென்று வருமாம்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் தினமும் பிழை விழுகிறது. அதைத் திருத்துவதற்கென்றே சில ஜீன்கள் உண்டு — பத்திரிகை ஆபீசில் புரூஃப் பார்ப்பவர்கள் மாதிரி. அம்மா கொடுத்த ஆள் ஒருவர், அப்பா கொடுத்த ஆள் ஒருவர். எங்கள் வீட்டில் சிலருக்குப் பிறக்கும்போதே ஒரு ஆள் நிரந்தர லீவு. ஏதோ ஒரு செல்லில் மிச்சமிருக்கும் ஆளும் படுத்துவிட்டால்... பிழை மேல் பிழையாக அச்சாகிக்கொண்டே போகும். எல்லோருக்கும் அப்படி ஆகிவிடாது. ஆனால் மற்றவர்களைவிட ஆபத்து அதிகம்.

எனக்கு அந்த ஒரு ஆள் லீவு. ரிப்போர்ட் வந்துவிட்டது.

இது முன்னாடியே தெரிந்திருந்தால்? வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்திருப்பேன். எலுமிச்சம்பழம் ஆகும்வரை காத்திருக்காமல் கடுகாக இருக்கும்போதே பிடித்திருப்பார்கள். காமாலை என்ற அந்த ஒரு வார்த்தை என் மார்பு ஒன்றைத் தின்றது. இதை எழுத எனக்குக் கூச்சமே இல்லை.

ரவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நீயும் டெஸ்ட் எடுடா. உனக்கு இல்லன்னா யாழினிக்கு நம்ம வழியில பயமில்ல."

யாழினி அவன் மகள். இருபத்தாறு வயது. கடலூரில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைத்து, ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்திருந்த நேரம்.

"நான் ஆம்பளக்கா, எனக்கெதுக்கு மாருல கட்டி டெஸ்ட்டு?"

"உனக்கு வருதோ இல்லியோ, நீ அவளுக்குக் குடுத்திருப்படா!"

"மொதல்ல கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

சித்தப்பா பேசிய அதே வசனம். நாற்பது வருஷத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலமே யாழினியிடம் சொல்லிவிட்டேன். ரவி என்னோடு பேசுவதை நிறுத்தினான். நிறுத்தட்டும்... என் ரத்தத்தில் இருப்பதை என் தம்பி மகளிடம் சொல்ல நான் யாரிடம் பர்மிஷன் வாங்க வேண்டும்?

யாழினி ஒரு நாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு நஸ்ரினிடம் வந்து ரத்தம் கொடுத்தாள். போன வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது.

இருக்கிறது.

மகளுக்கு இருந்தால் அப்பனுக்கும் இருக்கத்தானே வேண்டும்? ஆம்பளைக்கெதுக்கு என்று கேட்டவனுக்கும் சேர்த்தே விடை வந்துவிட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டோடு வந்து நின்றான். அவனுடைய பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பெண்ணைப் பெற்றவன். அதனால்தான் 'எழுதல' என்று வாக்குக் கொடுத்தேன்.

மத்தியானம் யாழினி வந்தாள். அழுது முடித்த முகம்.

"அத்த, அப்பா உங்கள எழுதக் கூடாதுன்னாராமே?"

"ஆமாம்மா. உன் விஷயமாச்சே. எழுத மாட்டேன்."

"என் விஷயம்னா நான்தான சொல்லணும்? எழுதுங்க. என் பேரு போட்டே எழுதுங்க. எனக்கு வியாதி வரலத்த, வந்தா முன்னாடியே புடிக்க வழி வந்திருக்கு. இனிமே வருஷா வருஷம் எம்ஆர்ஐ எடுக்கப்போறேன். இதுக்கு நான் எதுக்கு முந்தானைய இழுத்துப் போத்திக்கணும்?"

நான் போய்ப் பேனாவை எடுத்து வந்தேன்.

"இன்னொன்னு செஞ்சிட்டேன், திட்டாதீங்க" என்று போனை நீட்டினாள். நஸ்ரின் வரைந்த படம். வட்டங்கள், சதுரங்கள். கறுப்பாக மூன்று வட்டங்கள் — இரண்டு அத்தைகளும் நானும். யாழினியின் வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி. ஜீன் இருக்கிறது, வியாதி இல்லை என்று அதற்கு அர்த்தம். ரவியின் சதுரத்திலும் அதே புள்ளி. அதை அப்படியே மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

"ஜாதகம் கேட்டாங்க, ஏழாம் எடம் எட்டாம் எடம்னு எல்லாத்தையும் குடுத்தோம்ல? இதையும் குடுத்துட்டேன். புடிச்சா வரட்டும்."

மாப்பிள்ளையிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது: 'வீட்ல கேட்டு சொல்றேன்.' இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ரவி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். யாழினி வழக்கம்போல வேலைக்குப் போய்வருகிறாள்.

கடலூர் சம்பந்தி அம்மா, பெண் பார்க்க வந்த அன்று இந்தப் பத்தியை வாராவாரம் விடாமல் படிப்பதாகச் சொன்னீர்கள். இந்த வாரமும் படித்திருப்பீர்கள். எங்கள் வீட்டுப் படம் வந்து சேர்ந்ததல்லவா?

உங்கள் வீட்டுப் படத்தை எப்போது அனுப்பப்போகிறீர்கள்?