ஜெனீற்றாவின் கறிமீன் பங்கு

தராசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி ஜெனீற்றா மீன் பெட்டியின் முன் குந்துகிறாள். விற்பனைக்குப் போகாத சின்ன மீன்கள் மண்டைதீவு மீன்வாடியில் வேலையாட்களின் கறிக்கு. யார் எவ்வளவு உழைத்தார் என்று அவள் பார்ப்பதில்லை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை மீன்.

"சுலோஜனாக்கா, மூத்தவன் கொழும்பாலை வந்திட்டானெல்லே? பையை விரியுங்கோ."

வாடிக்குப் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கும் ஒரு பை வரும். என் மனைவி இறந்து சில நாள் கழித்து வந்த பையில் ஒரே ஒரு திரளி மீன் இருந்தது. ஆறுதல் சொன்னவர்களில் அவளைப் போல் குறைவாகச் சொன்னவர் இல்லை.

வயது முப்பத்தைந்து இருக்கும். மீன் தரம் பிரிக்கும்போது கோவில் பாட்டொன்றைச் சொல்லில்லாமல் முணுமுணுப்பாள். விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி. "மூக்கிலை வைச்சுப் பாக்கிறவன் ரவுண்காரன்" என்பாள், பட்டணத்தானைச் சொல்லி.

டிலோன் வந்த அன்றே மீனை மூக்கில் வைத்துப் பார்த்தான். ஐஸ் உடைக்க வந்தவன். வாடி அப்போதுதான் கனடாக்காரர் ஒருவரின் கைக்கு மாறியிருந்தது; புது முதலாளியை யாரும் கண்டதில்லை. டிலோன் கறிமீன் வாங்க மாட்டான்.

"எனக்கு வேண்டாம். நான் தனிய."

"தனியாளுக்கு வயிறில்லையோ?"

அவனுடைய ஒற்றை மீனை அவளே கொண்டுபோய்ப் பொரித்து மறுநாள் மதியம் கொண்டுவருவாள். கவிழ்த்த வள்ளத்தில் குந்தியிருந்து சாப்பிடுவார்கள். அந்த நேரத்தில் கடல் அசையாது. அக்கரையில் பட்டணத்துக் கூரைகள் நீருக்கு மேலே மிதக்கும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. என் முற்றத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் வெளிச்சத்தின் நடுவே இருப்பதுபோலத் தோன்றும்.

"என்னைக் கட்டுறீரோ?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

"அந்தோனியார் பெருநாள் முடியட்டும். சொல்லுறன்."

பெருநாளுக்கு முன் ஒரு காலை, டிலோன் ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து அலுவலக அறைக்குள் நுழைந்தான். மனேஜர் கிறிஸ்தோப்பர் சட்டென்று கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வாடிப் பூட்டின் திறப்பு வாங்கப் போயிருந்த ஜெனீற்றா அதைக் கண்டாள்.

"ஐஸ் உடைக்கிறவருக்கு ஏன் எழும்பினியள், அண்ணை?"

அவர் திரும்பக் கதிரையில் இருந்துகொண்டார். பிந்திவிட்டது. டிலோன் பெட்டியை இறக்கினான்.

"வாடியை வாங்கினது நான்தான். உள்ளுக்கை நிண்டு பாக்கவெண்டு இப்பிடி வந்தனான். பிறகு உம்மட்டைச் சொல்லப் பயமாப் போச்சு."

"சொன்னதிலை எதெண்டாலும் உண்மையோ?"

"தனிய எண்டது."

அன்று முதல் அவனுக்கு மீன் இல்லை. "முதலாளிக்கு ஏன் எங்கட கறிமீன்? கடலையே வாங்குவார்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள்; அவள் சிரிக்கவில்லை. மதியங்களில் வள்ளம் வெறுமையாகக் கிடந்தது. ஜெனீற்றா தன் சோற்றைப் பாதியிலேயே காகத்துக்குக் கொட்டினாள். அவனோ யாரும் கேட்காமலே ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டால் எல்லோரும் எழுந்தார்கள், அவளைத் தவிர.

பெருநாளுக்கு மறுநாள் பின்னேரம் வரிசையின் கடைசியில் டிலோன் நின்றான். கையில் கசங்கிய பை. முன்னால் நின்ற பெண்கள் தங்கள் மீனை வாங்கிக்கொண்டும் வீட்டுக்குப் போகாமல், செருப்பைத் தேடுவதுபோல நின்றார்கள்.

ஜெனீற்றா நிமிர்ந்தாள். புதிதாக வருகிறவரிடம் கேட்பதையே கேட்டாள்.

"வீட்டிலை எத்தினை பேர்?"

"அதை நீர்தான் சொல்லவேணும்."

அவள் ஒரு திரளியை எடுத்து அவன் பையில் போட்டாள். கை மறுபடியும் பெட்டிக்குள் போனது.