ஞானதீபம் வாங்கிய டெண்ட்

ஞானதீபத்துக்கு மூக்கு மேல் கோபம் என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் சொல்வார்கள். வராமல் என்ன செய்யும்? சாத்தான்குளம் பக்கத்தில் இருக்கும் இந்தப் பள்ளியில் அவள் அறிவியல் ஆசிரியை. சாரணியர் படையும் அவள் பொறுப்பு. ஒவ்வொரு நவம்பரிலும் பையன்கள் பெரியதாழைக் கடற்கரையில் டெண்ட் அடித்து முகாம் இருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஏழாம் வகுப்பு அறை. கேட்டால், "மழைக்காலம் டீச்சர். பொம்பளப்பிள்ளைய நனைஞ்சா யாரு பதில் சொல்லுதது?" என்பார் தலைமையாசிரியர் எஸ்றா சார். பையன்கள் மேல் பெய்வது மட்டும் பன்னீர் போலிருக்கிறது.

இந்த வருஷம் அவள் விடவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "நனையாத டெண்ட் ஒண்ணு கொண்டாந்து மழையில காட்டுங்க. அப்புறம் பெரியதாழைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் சார், அது நடக்காது என்ற தைரியத்தில்.

அந்தச் சனிக்கிழமையே அவளும், அவளோடு வேலை பார்க்கும் நானும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினோம். கடைக்காரர் எடுத்துப் போட்டது ரோஸ் நிற டெண்ட். ஒற்றைத் துணி, தூக்கிப் போட்டால் தானே விரியும். "லேடீஸுக்கு இது போதும்க்கா" என்றார். ஞானதீபம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, துணியைக் குழித்து ஊற்றினாள். மேஜையில் சொட்டியது.

"அண்ணாச்சி, மழை லேடீஸ் ஜென்ட்ஸ் பாத்தா பெய்யுது?"

பிறகுதான் பரணிலிருந்து இரட்டைத் துணி டெண்ட் இறங்கியது. உள்கூடு தனி, மழைத்துணி தனி, நடுவில் கை நுழையும் இடைவெளி. தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாள்.

திங்கட்கிழமை மதியம் வானம் கறுத்தது. மைதானத்தில் டெண்டை விரித்தபோது எஸ்றா சார் வந்தார். கூடவே, சர்ச் கன்வென்ஷன் கூட்டத்துக்கு விரிக்கிற தார்ப்பாயும் வந்தது. "அடியில இத விரிங்க, ஈரம் ஏறாது" என்றார். வேண்டாம் என்றாள். அவர் கேட்கவில்லை. சபையே வந்து உட்காரப்போவதுபோல் நாலு பக்கமும் நீட்டி விரிக்கச் சொன்னார். அதன்மேல் டெண்டை நிறுத்தினோம். எங்கள் ஊர்த் தேரி மண் பொலபொலவென்ற செம்மணல், அதில் ஆணி நிற்காது என்பதால், சாக்கில் மண் நிரப்பிப் புதைத்து அதில் கயிறுகளைக் கட்டினோம். சாரணியர் படையிலிருந்த ஜெப்ஸியும் மற்றப் பிள்ளைகளும் படுக்கையோடு உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

மழை பிடித்தது. மழைத்துணியில் வழிந்த தண்ணீர் முழுவதும் வெளியே நீண்டிருந்த தார்ப்பாயில் விழுந்து, நேரே டெண்டுக்கு அடியில் ஓடித் தேங்கியது. பிள்ளைகள் உட்கார்ந்த இடமெல்லாம் கசிந்தது. குடையோடு வராந்தாவில் நின்ற சார், "நான் அப்பமே சொன்னேன்லா" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஞானதீபம் கொட்டுகிற மழையில் இறங்கினாள். பிள்ளைகளை டெண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, தார்ப்பாயை உருவி எறிந்தாள். தேங்கிய தண்ணீரை மணல் குடித்துவிட்டது. டெண்டின் உள்தரையைத் துடைத்து, கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டினாள். பிறகு வராந்தாவைப் பார்த்தாள்.

"சார், நீங்க வந்து உள்ள இருங்க."

"நானா?"

"பதில் சொல்லுதவரு நீங்கதான."

செருப்பைக் கழற்றிவிட்டு சார் குனிந்து நுழைந்தார். மழை விடும்வரை அங்கேயே இருந்தார். வெளியே வந்தபோது அவர் பேண்ட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல டெண்டுதான் டீச்சர்" என்றார். "இந்தத் தடவ இத பயலுவளுக்குக் குடுத்துருவோம். அவனுவ டெண்ட் பழசாயிட்டு, ஒழுகுதாம்."

ஜெப்ஸியின் முகம் சுருங்கிவிட்டது. ஞானதீபத்தின் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"ஒழுகுதுன்னா பயலுவ ஏழாம் வகுப்புல படுக்கட்டும் சார். அங்க நனையாது. எங்க பிள்ளைய வருசா வருசம் படுத்துப் பாத்தாச்சு."

சார் கழற்றிவிட்ட செருப்பைத் தேடினார். அதற்குள் பிள்ளைகள் பெரியதாழைக்குக் கொண்டுபோக டெண்டைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள்.