போதகரிடம் சொல்லாத காரணம்

மலேசியாவில் கோப்பெங் அருகே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஐந்து குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்தும்படி போதகர் என்னை மூன்று முறை கேட்டார். அது கர்த்தரின் அழைப்பு என்றார். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்றேன். மலாய்ப் பள்ளியில் படித்தவன், தமிழ் வேதாகமம் வாசிக்கத் தடுமாறுவேன் என்றேன். உண்மைக் காரணத்தை மறைத்துவிட்டேன். குடித்துத் திரிந்த காலத்தில், அதே தோட்டத்தில் குடியிருக்கும் ஒருவரைக் கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் அறைந்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அவருடைய மனைவியே போன் செய்தார். "அவருக்கு ஸ்ட்ரோக் வந்து படுத்துட்டாரு தம்பி. வந்து ஜெபம் பண்ணுங்க."

"பாஸ்டரை அனுப்புறேன் அக்கா. என்னைப் பார்த்தா அவருக்குக் கோபம் வரும்."

"பாஸ்டர் கோலாலம்பூர் போயிட்டாருலா. நீங்க வாங்க."

போனேன். என்னைக் கண்டதும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டிலருகே மண்டியிட்டு முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஜெபித்தேன். அக்கா மட்டும் ஆமென் சொன்னார்.

இப்போது ஞாயிறுதோறும் போய், அவர் வீட்டிலேயே ஐந்து குடும்பங்களுக்கும் ஜெபக்கூட்டம் நடத்துகிறேன். அவர் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம், இதற்கு நான் தகுதியானவன்தானா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வியோடேயே உள்ளே போகிறேன்.