மழுக்கின எட்ஜும் என் பெருவிரலும்

மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறை. யாரோ கழற்றி எறிந்த கதவு ஒன்றை மரக்குற்றிகளில் கிடத்தி மேசையாக்கினேன். அந்த மேசைதான் பிறகு கடையானது. நவம்பர் பிறந்தால் கடை வாசலில் கார்கள் இரட்டை வரிசையில் நின்றன. வடக்கே மலைப்பக்கத்து ரேஸ் கிளப் ஒன்று தன் பிள்ளைகள் பனியில் சறுக்குகிற ஸ்கீப் பலகை முழுவதையும் என்னை நம்பித் தந்தது. ஐரோப்பாவில் ஓடிய ஒரு ரேஸ்காரியின் ஸ்கீயைத் தீட்டியது இந்தக் கை. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன், நித்திரை வந்தது. ஸ்கீயில் இன்றுவரை ஏறியதுமில்லை. இதொன்றும் இல்லாமல் நான் இவ்வளவு செய்தேன். எல்லாம் உள்ளவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, அது அவர்களுக்கே தெரியும்.

1. கோழியிலிருந்து ஸ்கீக்கு

அதற்கு முதல் மொன்ட்ரியால்-நோரில் கோழித் தொழிற்சாலையில் கத்தி தீட்டினேன். லைனில் நின்ற பெண்கள் "அருளப்பு அண்ணை தீட்டினதைத் தாங்கோ" என்று கேட்டு வாங்குவார்கள். ஒருநாள் சூப்பர்வைசர் தன் மகனின் ஸ்கீயைக் கொண்டுவந்து, "கத்தி தீட்டுற உனக்கு இது பெரிய வேலையோ?" என்று நக்கலாய்க் கேட்டார். தீட்டிக் கொடுத்தேன். அடுத்த கிழமை அவருடைய அயலட்டை முழுக்க ஸ்கீயோடு வந்தது.

ஸ்கீயின் அடியில் இரண்டு ஓரமும் ஓடுகிற இரும்புக் கீலத்தைத்தான் எட்ஜ் என்பது. பனிக்கட்டியில் ஆளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கூர் போதுமா என்று பார்க்க நான் இடது பெருவிரல் நகத்தை அதில் வைத்து இழுப்பேன். வெள்ளையாய் ஒரு சுருள் எழும்பினால் சரி. அதனால் எனக்கு அந்த நகம் எப்போதும் அரைவாசிதான்.

மனைவியின் தம்பி செல்வம் கடையில் உதவிக்கு நின்றவன், வாய்க்காரன்.

"அத்தான், மெற்றோப் படியிலை கம்பியைப் பிடிச்சு இறங்கிற ஆள் நீங்கள். உங்களிட்டை ஸ்கீயைத் தாறாங்களே, அவங்களைச் சொல்லோணும்."

"சவப்பெட்டி செய்யிறவன் அதுக்குள்ளை படுத்துப் பாத்தே விக்கிறவன்?" என்றேன்.

2. சோபியின் இடது கால்

சோபி அந்தக் கிளப்பில் வளர்ந்து தேசிய அணிக்குப் போன பிள்ளை. அவளுடைய ரேஸ் ஸ்லாலம். நெருக்கமாய் நட்ட கம்புகளுக்குள் வளைந்து வளைந்து இறங்க வேண்டும், இரண்டு தரம், இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் இடம். இடது முழங்கால் முறுகிச் சவ்வு கிழிந்து, ஒப்பரேஷன் செய்து, அணியை விட்டு எடுத்துவிட்டார்கள். அணியின் கோச் பியேர் கடைசியாய் ஒரு வழி வைத்தார்: பருவ முடிவில் இங்கே நடக்கிற ரேஸில் முதல் ஐந்துக்குள் வந்தால் ஐரோப்பா. வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

அந்தப் பனிமாரி முழுக்க அவள் பயிற்சி முடிய ஸ்கீயை என்னிடம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் இடது ஸ்கீயின் உள் எட்ஜ், அதுவும் வால்பக்கம், கடித்துத் துப்பினதுபோல இருந்தது. வலதில் ஒன்றுமில்லை. எனக்கிருந்த கால்வாசிப் பிரெஞ்சில் "இடது கால் நோகுதோ?" என்று கேட்டேன்.

அவள் எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். அவள் சொன்னதைத் தமிழில் போடுகிறேன்.

"கோச்சுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, மிஸ்யூ. டொக்டர் சரியெண்டு விட்டிட்டார். எனக்குத்தான் அந்தக் காலிலை பாரத்தைப் போடப் பயம். பிந்தித்தான் போடுறன், அது வாலிலை போய் விழுது."

"எனக்குப் பிரெஞ்சு வராது எண்டு எல்லாருக்கும் தெரியும் பிள்ளை. ஆர் என்னட்டை வந்து கேக்கப்போகினம்?"

சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

3. ரேஸ்

ரேஸுக்கு முதல்நாள் ஓடுபாதைக்குத் தண்ணீர் அடித்து உறைய விட்டிருந்தார்கள். விடியப் பார்த்தால் கண்ணாடி. நான் ஸ்கீயை மூக்கிலிருந்து வால்வரை சவர அலகுபோலத் தீட்டியிருந்தேன். அது பிழை என்று நான் இன்றும் சொல்லமாட்டேன், அந்தப் பனிக்கட்டிக்கு அதுதான் கூர்.

முதல் ஓட்டத்தில் அவள் வலப்பக்கம் திரும்பிய நேரமெல்லாம் இடது ஸ்கீயின் வால் பனிக்கட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒரு இடத்தில் கை தரையில் பட்டது. ஒன்பதாவது இடம்.

மலையடியில் ஸ்கீ தீட்டுகிற குடிசைக்குள் இருந்தோம், கோச் வந்தார். பின்னால் ஸ்கீக் கொம்பனிக்காரன், கையில் மெசினில் தீட்டிய வேறொரு சோடி.

"இது கோழி இல்லை, மிஸ்யூ அருளப்பு," என்றார் கோச். "சோபி, அவர் கொண்டந்த சோடியைப் போடு."

அந்தச் சோடியின் எட்ஜில் நகத்தை இழுத்துப் பார்த்தேன். அதுவும் வால்வரை கூர். அதுவும் பிடிக்கத்தான் போகிறது. ஏன் என்று சொல்ல வாயெடுத்தால் அவளுடைய முழங்கால் கதை வெளியே வரும். அதோடு அவளுக்கு ரேஸ் முடிந்தது. சோபி கோச்சைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

நான் தீட்டின சோடியின் இடது ஸ்கீயை வைஸில் இறுக்கினேன். கல்லை எடுத்து வால்பக்கம் உள் எட்ஜை நாலு விரல் நீளத்துக்கு மழுக்கினேன். அவ்வளவு காலமும் கூராக்கிச் சாப்பிட்ட கை, எனக்கே கூசியது.

"என்ன செய்யிறீர்? ஏன் ஒண்டை மட்டும்?" என்றார் கோச்.

"போன்ஜூர்," என்று வணக்கம் சொன்னேன்.

செவிடனுக்குச் சொல்வதுபோல இழுத்து, உரத்து, இன்னொருமுறை கேட்டார்.

"போன்ஜூர், மெர்சி," என்று நன்றியும் சேர்த்தேன்.

கொம்பனிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். கோச் தலையிலடித்துக்கொண்டு சோபியிடம் திரும்பினார். "இதைத்தான் போடப்போறன்," என்றாள் அவள். "விழுந்தா என்னட்டை வராதை," என்று விட்டுப் போனார்.

இரண்டு ஸ்கீயும் பார்வைக்கு ஒன்றுதான். மாறிப் போடக்கூடாதென்று இடதில் பேனையால் கோடு கீறினேன். கம்பியில் தொங்கி மலையேறும் கதிரை லிஃப்டில் அவளோடு ஏறிப்போய், என் கையாலேயே காலில் மாட்டிவிட்டேன்.

"பிந்தி மிதிச்சாலும் வால் விட்டிடும். பயப்பிடாமல் மிதி."

போனாள். கம்புகள் அடிபடுகிற சத்தம் கீழே கீழே போய்த் தேய்ந்தது.

எனக்கு இறங்க வழி அதே லிஃப்ட்தான். எல்லாரும் ஏறிவர நான் ஒருவன் இறங்கிவந்தேன். எதிரே வந்த பொடியள் கை காட்டிச் சிரித்தார்கள். பாதி வழியில் ஒலிபெருக்கி அவளுடைய பெயரைச் சொன்னது. இரண்டு ஓட்டமும் கூட்டி நாலாவது. நானும் கை காட்டினேன்.

கீழே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி முடித்தவர்கள் ஸ்கீயைக் கழற்றி, கொம்பனிப் பேர் தெரிய முகத்துக்குப் பக்கத்தில் பிடிப்பது அவர்களுடைய வழக்கம். யார் ஓடினாலும் படத்தில் சிரிப்பது கொம்பனிதான். மழுக்கின இடம் தாங்கியதா என்று பார்க்க நான் பழக்கதோஷத்தில் வாலில் பெருவிரலை வைத்தேன். கமெரா அந்த நேரம் பார்த்து அடித்தது.

4. சுவரில்

சோபி ஐரோப்பாவில் சில பருவம் ஓடி, ஓய்வும் பெற்றுவிட்டாள். கிளப் மண்டபத்தில் விழா வைத்தார்கள். மேடையில் அவளே சொன்னாள், "ஒரு மாரி முழுக்க என்ரை முழங்காலின்ரை பயத்தை மறைச்சு ஓடினனான்" என்று. கைதட்டல். தன்னை விளங்கிக்கொண்ட கோச்சுக்கு நன்றி என்றாள். ஒன்றும் விளங்காத கோச் எழும்பி நின்று அதை வாங்கிக்கொண்டார். பிறகு கொம்பனி, டொக்டர், "மற்ற எல்லாருக்கும்." நான் அந்த மற்ற எல்லாரும்.

அந்தப் படத்தைப் பெருப்பித்துச் சுவரில் போட்டிருக்கிறார்கள். கீழே சோபி, கோச், கொம்பனிக்காரன், கிளப் தலைவர் என்று நாலு பேரின் பெயர். ஓரத்தில் மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு கை. தலைவரிடம் கேட்டேன், "அது ஆர்?"

"ஆரோ பாக்க வந்த ஆளாக்கும்," என்றார்.

"அத்தான், நகத்துக்கும் ஒரு பாஸ்போட் எடுத்து வைச்சிருக்கோணும்," என்றான் பக்கத்தில் நின்ற செல்வம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூராக்க மெசின் போதும். எந்த இடத்தை, யாருக்காக மழுக்குவது என்பதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

வாயை மூடி வைத்திருந்ததற்கு நான் பேர் கேட்கவில்லை, அது மனுசன் செய்கிற காரியம். கேட்பது கைக்கு. படத்துக்குக் கீழே ஐந்தாவதாய் இன்னும் இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். "கை: சூசைப்பிள்ளை அருளப்பு, பார்க் எக்ஸ்டென்ஷன்" என்று போடுங்கள், கிளப்காரரே. பிரெஞ்சில் போட்டாலும் சரி. எனக்கு வாசிக்கத் தெரியும்.