பொட்டு வைக்காத கம்பி

போன வாரம் எங்கள் கம்பெனிக்கு ஒரு புது மெஷின் வந்து இறங்கியது. பேக்கிங் பெட்டியின் மேல்பலகையை யாரோ நெம்ப, பைன் மரத்தை விட்டு ஆணி கழன்று வருகிற அந்தச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. கரும்பலகையில் சாக்பீஸ் வழுக்கினால் பல் கூசுமே, அந்த ஜாதி. பக்கத்து சீட்டுக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் டீ கிளாஸைக்கூட வைக்காமல் கீழே ஓடினேன். எனக்கு அது சங்கீதம். சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பைன் பலகைக்கு ஒரு வாசனை உண்டு. கற்பூரத்துக்கும் ஃபினாயிலுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அதை மோந்தால் எனக்கு உடனே ஆயுத பூஜை ஞாபகம் வரும். ஏன் என்று கேட்டால் ஓசூர் சிப்காட்டுக்கு, இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அங்கே போக வேண்டும்.

டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பட்டன் போன், உலகத்தையே கழற்றி மாட்டிவிடலாம் என்ற நினைப்பு. அன்றைக்கு யார்டில் பாஷா பாய் ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் கம்பெனியின் பேக்கிங் மரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு போகிற வியாபாரி அவர். பலகை 'க்ரீச்' என்று எழும்பியது. அதே நொடியில், திறந்திருந்த ஷட்டர் வழியாக, டிரில்லிங் மெஷின் முன்னால் மஞ்சுளா அக்காவின் இரண்டு குதிகால்களும் அந்தரத்தில் நிற்பது தெரிந்தது. நல்ல பலகை இங்கே. தூக்கின குதிகால் அங்கே. யோசனை என்பது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை என்பதும் உண்மை.

மஞ்சுளா அக்கா பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வீட்டுக்காரர் பக்கத்துச் சொந்தத்தோடு கன்னடம், லைனில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். பேக்கிங்கில் வருஷக்கணக்காக அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு, அப்புறம்தான் அந்த மெஷினுக்கு ஆபரேட்டர் ஆனார். ஆபரேட்டர் என்றால் நீலக் கோட்டு. பேக்கிங் என்றால் பழுப்புக் கோட்டு. அந்த நீலக் கோட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாகத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வருவார்.

சிக்கல் உயரத்தில். எந்த நாட்டில் செய்தார்களோ, அந்த மெஷினை ஆறடி ஆளுக்காகச் செய்திருந்தார்கள். ஆபத்து வந்தால் அமுக்க வேண்டிய சிவப்பு பட்டன் மேலே இருந்தது. அதனால் அக்கா நிற்பதற்கு ஒரு மரத்தட்டு போட்டிருந்தார்கள்: கீழே தடித்த கட்டைகள், மேலே பலகைகள். வருஷக்கணக்கில், டிரில் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற கூலண்ட் சொட்டி அந்தப் பலகைகள் கறுத்து, உளுத்து, நடுவில் கயிற்றுக்கட்டில் மாதிரி தொய்ந்துவிட்டன. அக்கா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமாகிக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் தங்கவேல் சார் கெட்டவர் இல்லை. குதிகாலைத் தூக்காமல் பட்டன் எட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் கை போய்விடும் என்று பயந்தார். பூஜை முடிந்ததும் அந்த மெஷினில் நெட்டையான ஒரு பையனைப் போட்டுவிட்டு, அக்காவை மறுபடி பேக்கிங்குக்கு அனுப்புவது என்று முடிவாகியிருந்தது. நான் போய், தட்டின் பலகைகளை மட்டும் மாற்றிவிட்டால் போதுமே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூஜை அன்றைக்கு மட்டும்தான் லைன் நிற்கும், அதற்குள் முடித்துக்கொள் என்றார். "மறுநாள் காலைல அந்தம்மா குதிகால் பலகையில இருக்கணும். தூக்குனாங்கன்னா பழுப்புக் கோட்டுதான்."

இப்படித்தான் நான் பலகை பெயர்க்கக் கற்றுக்கொண்டேன். ஸ்டோரில் ஒரு ஆணி பிடுங்குகிற கம்பி இருந்தது. ஒரு முனை வாத்து மூக்கு மாதிரி சப்பை, இன்னொரு முனை வளைந்து நடுவில் பிளவு. ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்ததும் பாஷா பாயின் குவியலில் பழைய பெட்டிகளைப் பிரித்துப் பழகினேன். கை நீளமானால் பாரம் குறையும் என்று நெம்புகோல் பாடத்தில் படித்திருந்தேனா, கம்பியை ஓரத்தில் கொடுத்து முழு பலத்தோடு ஒரே தூக்கு. பலகை ஆணி இருந்த இடத்தில் இரண்டாகப் பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. பாய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ உடைக்கிறதப் பாத்தா எனக்கு விறகுக்கடை வெக்கலாம்னு ஆசை வருதும்மா."

விறகு நிறையச் சேர்ந்த பிறகு பிடிபட்டது. கம்பிக்கு அடியில் ஒரு துண்டுக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். ஆணிக்குப் பக்கத்தில் நெம்ப வேண்டும். ஒரு ஆணியில் விரல்கனம் எழுப்பிவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும், திரும்பி வர வேண்டும். பலகை கொஞ்சம் எழும்பியதும் அதை ஒரு தட்டுத் தட்டிக் கீழே இறக்கினால், ஆணித்தலைகள் மட்டும் மேலே நிற்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கை தூக்குகிற மாதிரி. பிளவு முனையில் கவ்வி இழுத்தால் சத்தத்தோடு வந்துவிடும். முதல் முழுப் பலகையை நான் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபோது யார்டில் நாயைத் தவிர யாரும் இல்லை. நாய்க்கும் காட்டினேன்.

பூஜைக்கு முதல் நாள் கம்பெனி முழுக்கத் துடைப்பு. நானும் என் கம்பியை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, துருவெல்லாம் போக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் முதல் வரிசையில் வைத்தேன். கம்பெனியிலேயே பளபளப்பான ஆயுதம் அதுதான். எவ்வளவு பெருமை எனக்கு!

மறுநாள் வாழைமரம், பொரி, சுண்டல், குடும்பம் குடும்பமாக ஜனம், வாசலில் பூசணிக்காய். எல்லாம் முடிந்ததும், வேலையை ஆரம்பிக்கலாம் என்று கம்பியை எடுக்கக் கையை நீட்டினேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, பொட்டு வெச்சதத் தொடுவியா? நாளைக்குக் காலைல பூஜை பிரிக்கற வரைக்கும் அதுக்கு ரெஸ்ட்டு" என்றார் தங்கவேல் சார்.

லைன் நிற்கிற நாளைப் பார்த்துத் திட்டம் போட்டவளுக்கு, அன்றைக்கு ஆயுதங்களுக்கும் லீவு என்பது தோன்றவே இல்லை. அதுவும் என் கையாலேயே பொட்டு வைத்திருக்கிறேன். சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஸ்க்ரூ டிரைவர்கூட அன்றைக்குச் சாமி. மஞ்சுளா அக்கா பட்டுப்புடவை முந்தானையிலிருந்து பொரியை எடுத்து என் கையில் போட்டார். "வுடு பாப்பா. பேக்கிங்குல ஃபேன் காத்து நல்லா வரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்போது வாசலில் பாஷா பாயின் டெம்போ. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நின்றது. எல்லாம் அவர் டிரைவரின் வேலை. பாய் தொன்னையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மூச்சிரைக்கக் கேட்டேன்: "பாய், உங்க கம்பிக்குப் பொட்டு வெச்சாச்சா?"

"அது சீட்டுக்கு அடியில கெடக்கு. டிரைவர் கண்ணுல படல. ஏம்மா, அதுக்கு என்ன வந்துச்சு?"

கம்பியோடு உள்ளே வந்தேன். தங்கவேல் சார் அதை வாங்கி, இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்து, கம்பெனி ஸ்டோர் கணக்கில் இல்லாத ஆயுதம், நம்ம பூஜைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே வெளியே போய்விட்டார்.

பாயின் கம்பி தடி, கனம், பிளவு முனை மழுங்கியிருந்தது. ஊறிப்போன பலகைகளோ கட்டையை விட மாட்டேன் என்றன. நான் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. அக்கா புடவையைத் தூக்கிச் செருகினார், செருப்பை விட்டார், கம்பியின் நுனியில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். பட்டுக்கரை பளபளக்க, பலகை முனகிக்கொண்டு எழுந்தது. அடியில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? வாஷர்கள், ஹேர்பின்கள், காணாமல் போன பேனாக்கள், உடைந்த வளையல் துண்டுகள். "அய்யோ, என் கொலுசுத் திருகாணி" என்று அக்கா ஒன்றைப் பொறுக்கித் துடைத்து, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார்.

புதுப் பலகைகள் அந்த மெஷின் வந்த பெட்டி மாதிரியே ஒரு பெட்டியிலிருந்து நான் உடைக்காமல் எடுத்தவை. பாய் கொடுத்தது. சுத்தியல் இல்லாததால் கம்பியின் முதுகாலேயே ஆணி அடித்தோம். பலகையில், நனையக்கூடாது என்று குடைப் படமும் உடையக்கூடாது என்று கண்ணாடி கிளாஸ் படமும் அச்சாகி இருந்தன. முடிந்ததும் அக்கா கம்பியைத் துடைத்து, பாயைப் பார்த்தார். "பாய், இதுக்கும் ஒரு பொட்டு வெக்கட்டுமா?"

"வையிம்மா. அப்ப நாளைக்கு வரைக்கும் எனக்கும் லீவு."

மறுநாள் காலை பூஜை பிரித்து மெஷினைப் போட்டார்கள். தங்கவேல் சார் குனிந்து, தரையோடு தரையாக அக்காவின் காலைப் பார்த்தார். குடைப் படத்தின் மேல் இரண்டு குதிகாலும் அப்பிக்கொண்டிருந்தன. மேலே சிவப்பு பட்டனில் உள்ளங்கை முழுசாகப் பதிந்தது. சார் நிமிர்ந்து, நெட்டைப் பையனைக் கூட்டிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனார். அக்கா திரும்பி என்னைப் பார்த்து நீலக் கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்கப்புறம் எனக்குப் பட்டம், பதவி எல்லாம் வந்தது. அந்தக் காலர் அளவுக்கு எதுவும் இனிக்கவில்லை.

இன்று அந்த ஷெட் இல்லை. அந்த இடத்தில் கிரானைட் ஷோரூம். பாய் மரம் குவித்த காலி மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. புது மெஷின்கள் ஆள் உயரத்துக்குத் தக்கபடி தாங்களாகவே ஏறி இறங்குகின்றன, காலுக்கு ரப்பர் விரிப்பு. பெட்டிகளும் பெரும்பாலும் பிளைவுட், அவை சத்தமில்லாமல் கழன்றுவிடும். அக்கா ஆபரேட்டராகவே ஓய்வு பெற்று, பாகலூரில் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

அதனால்தான் போன வாரம் அந்தச் சத்தத்துக்கு ஓடினேன். உண்மையான பைன் பலகை, உண்மையான ஆணி. ஆனால் திரும்பி வரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இப்போதைய கம்பெனியின் பழைய டெஸ்டிங் பெஞ்சுக்கு முன்னால், ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற ஒரு பொண்ணு, கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட் மேல் ஆடிக்கொண்டு நிற்கிறாள். குதிகால் அந்தரத்தில்.

பலகைகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆயுத பூஜைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இந்த முறை தட்டு முழுசாக நான் செய்யப்போகிறேன், கட்டையிலிருந்து. ஒரு கம்பி வாங்கித் துடைத்து, என் மேஜைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்கிறேன். பொட்டு வைக்கவில்லை.