பிளாக்மூர் பௌசியா

பௌசியா பிறந்தது இலங்கை மலைநாட்டில், பிளாக்மூர் என்ற தேயிலைத் தோட்டத்தில். அவளுடைய வாப்பா சின்ன வயதிலேயே மேல்விஷாரத்தை விட்டுக் கப்பலேறிப் போய், அங்கே பலசரக்குக் கடை போட்டவர். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது பௌசியா இந்தியாவின் பங்கில் விழுந்தாள். 1974இல், புருஷனை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்துவிட்டு, எட்டு வயது மகள் ரிஸ்வானாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். வாப்பாவின் சீமை என்று நம்பி, மேல்விஷாரத்துக்குப் பக்கத்திலிருந்த ராணிப்பேட்டைக்கு வந்தாள். வாப்பாவைத் தெரிந்த ஒரு ஜீவன்கூட அங்கே இல்லை.

தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலை கிடைத்தது. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சுரண்டும்போது விழும் சவ்வையும் கொழுப்பையும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். முதல் நாள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டு நாற்றம் போகவில்லை. ஒரு மாதம் கரண்டியால்தான் சோறு தின்றாள்.

தாயகம் திரும்பியவர்களுக்கு வீட்டுமனை தருகிறார்கள், அதற்கு ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும் என்று கேள்விப்பட்டு, 1976இல் தாலுகா ஆபீசுக்குப் போனாள். அரைநாள் லீவு போட்டு, சீயக்காய் தேய்த்து இரண்டு முறை குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போனாள். அப்படியும் பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

கிளார்க் ராஜகோபால் அவளுடைய இலங்கைப் பிறப்புப் பத்திரத்தை இரண்டு விரலால் பிடித்துப் படித்தான். இனம் என்ற இடத்தில் 'இந்தியன் மூர்' என்று இருந்தது. பிறந்த இடம் 'பிளாக்மூர்'.

"இன்னாம்மா இது? அங்கயும் மூரு, இங்கயும் மூரு. சாதி எழுதற இடத்துல தோட்டத்துப் பேர எழுதி வச்சிட்டியா?"

"நான் எழுதலீங்க சார். அங்க முஸ்லிம்களை அப்படித்தான் எழுதுவாங்க."

"முஸ்லிம்னா முஸ்லிம்னு எழுத வேண்டியதுதானே? மூராம் மூரு!" பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துக் கண்ணடித்தான். "யோவ், மோரு வந்திருக்குதுய்யா. ஒரு சிட்டிகை உப்பு போடு." மேசைக்கு அடியில் இருந்த டப்பாவை எடுத்து வெற்றிலைச் சாற்றைத் துப்பினான். ஒரு துளி தெறித்துப் பத்திரத்தின் ஓரத்தில் விழுந்தது. அதை அவன் கட்டை விரலால் தேய்த்தான்.

பௌசியாவுக்குக் குமட்டியது. ஷாப்பில் கொழுப்பு அள்ளும்போது வரும் குமட்டல் அல்ல இது.

அவள் குடியிருந்த வரிசையில் கடைசி வீட்டில் இன்பம் டீச்சர் இருந்தார். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறவர். அன்று சாயங்காலம் பௌசியா விஷயத்தைச் சொன்னதும் தடித்த அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க முஸ்லிம் சனத்தைத்தான் இது சொல்லுது பௌசியா. போர்ச்சுகீசுக்காரன் அவன் ஊர்ல சண்டை போட்ட முஸ்லிம்களை மூர்னு சொல்லிட்டிருந்தான். சிலோனுக்கு வந்தும் முஸ்லிமைப் பாத்தா அதே பேரையே வச்சிட்டான்."

"தோட்டத்துக்கு ஏன் டீச்சர் அதே பேர்?"

"அது வேற வார்த்தை. மேட்டு நிலம், புல்லு, சேறு, பனி. ஒண்ணும் விளையாது. அந்த மாதிரி இடத்துக்கும் மூர்தான். வெள்ளைக்கார துரை அவன் ஊர் ஞாபகத்துல வச்சிருப்பான்." விரலைக் கீழே நகர்த்தினார். "கப்பலைக் கரையில கட்டறதுக்கும் இதே வார்த்தைதான் போட்டிருக்கு."

"அங்க இருந்தவரைக்கும் எங்களைக் கள்ளத்தோணின்னு சொன்னாங்க டீச்சர். இங்க மோருன்னு சிரிக்கிறாங்க. எங்க வாப்பாகிட்ட ஒருத்தனாவது கேட்டானா, உனக்கு என்ன பேர் வேணும்னு? சீ!"

டீச்சர் இரண்டு சொல்லுக்கும் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ராஜகோபால் பாதிகூடப் படிக்கவில்லை. "எனக்கே பாடம் எடுக்கறாங்களா?" என்றான். பத்து நாள் கழித்துக் கொடுத்த சர்ட்டிபிகேட்டில், இனம்: பிளாக்மூர், பிறந்த இடம்: இந்தியா என்று இருந்தது. இன்பம் டீச்சர்தான் அதைப் படித்துக் காட்டினார். இந்தியாவில் பிறந்தவளுக்குத் தாயகம் திரும்பியவர் மனை எப்படிக் கிடைக்கும்?

திருத்தித் தரச் சொல்லி நான்கு முறை போனாள். நாளைக்கு, அடுத்த வாரம், ஆபீசர் இல்லை, சீல் இல்லை. ஐந்தாம் முறை பௌசியா குளிக்கவில்லை. காலை வேலை முடிந்ததும் ஷாப்பிலிருந்து நேராகப் போனாள். சேலை ஓரத்தில் சவ்வு ஒட்டியிருந்தது, முழங்கை வரை சுண்ணாம்பு. ராஜகோபால் மேசையை ஒட்டிக் கீழே உட்கார்ந்தாள். அவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். உடனே மூடினான்.

"எழுந்து வெளிய போம்மா. நாத்தம் தாங்கல."

"எழுதிக் குடுங்க சார், போய்டறேன்."

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ஈக்கள் கூடவே வந்தன. பியூன் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் ஆபீசரே அறையை விட்டு வெளியே வந்து, "அது கேக்கறதக் குடுத்து அனுப்பித் தொலைய்யா" என்று கத்தினார். ராஜகோபால் புதிதாக எழுதி, சீல் குத்தி, பென்சில் முனையால் அவள் பக்கம் தள்ளினான். இனம்: இந்தியன் மூர். எல்லாம் சரியாக இருந்தது.

இன்பம் டீச்சர் சந்தோஷப்பட்டார். "ஜெயிச்சிட்டியே பௌசியா!"

"என்னத்தை ஜெயிச்சேன் டீச்சர்? என்னைக் கண்டு அவனுங்க அருவருத்ததை வச்சுத்தானே வாங்கினேன். எனக்கே என்னைப் பிடிக்கல." அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை.

மனை 1979இல் கிடைத்தது. இரண்டு அறை கட்டினாள். ஷாப்பு வேலையை மட்டும் விடவில்லை. 1984இல் ரிஸ்வானாவுக்கு ஆம்பூரில் ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை அமைந்தது. வருமானச் சான்றிதழ் கேட்டார்கள். பௌசியா அந்த தாலுகா ஆபீஸ் வாசல்படியை இனி மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரிஸ்வானா தனியாகப் போய், மத்தியானத்துக்குள் காகிதத்தோடு திரும்பினாள்.

"புது கிளார்க்கும்மா. உட்காருன்னு நாற்காலி போட்டாரு. குடிக்கத் தண்ணி குடுத்தாரு."

பௌசியா காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எங்கேயும் கறை இல்லை.

"எதுக்கு அவ்ளோ மரியாதை?" என்றாள். "அவனுக்கு என்ன வேணுமாம்?"